செம்பருத்தி ஏன் தக்காளி ஆனது, தெரியுமா?

மொட்டைமாடித் தொட்டியில் முதல் செம்பருத்தி. காலை பத்து மணி வெயில். போனை நீட்டி நாலு க்ளிக். அதில் நல்லதாக ஒன்றைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். ரெண்டே நிமிஷத்தில் சித்தியிடமிருந்து பதில்: "தக்காளி கிலோ என்ன விலைடா அங்க?"

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. படத்தை விரலால் விரித்துப் பார்த்தேன். சித்தி சொன்னதில் பிசகே இல்லை! இதழில் ஓடும் நரம்பு இல்லை, சுருக்கம் இல்லை, ஓர் இதழ் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதுகூட இல்லை. மொழுமொழுவென்று ஒரு சிவப்பு உருண்டை. நேரில் பார்த்தபோது அத்தனையும் இருந்ததே, எங்கே போயிற்று?

போனுக்குள் இருக்கும் சென்சாருக்குக் கலரே தெரியாது, தெரியுமா? நிஜமாகவே தெரியாது! அதிலுள்ள கோடிக்கணக்கான புள்ளிகள் உணர்வதெல்லாம் வெளிச்சம் கூடவா குறைவா என்பது மட்டும்தான். அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கலர்க் கண்ணாடியை மாட்டிவிட்டிருக்கிறார்கள். பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, மிச்சக் கால்வாசிக்கு நீலம். நம் கண்ணும் வெளிச்ச நுணுக்கத்தைப் பச்சையில்தான் அதிகம் பிடிக்கிறது என்பதால் அதற்கு ரெட்டைப் பங்கு. கோடாக் கம்பெனியில் இருந்த ப்ரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. இன்றைக்கும் பெரும்பாலான கேமராக்களில் இதுவோ இதன் பிள்ளை பேரன்களோதான். ஒரு புள்ளி மூன்று நிறங்களில் ஒன்றைத்தான் அளக்கிறது. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளிடம் விசாரித்துக் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்கிறது. ஆக, நீங்கள் பெருமையாகப் பகிரும் படத்தின் நிறத் தகவலில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம்!

இப்போது செம்பருத்திக்கு வருவோம். அந்தப் பூவிலிருந்து வரும் வெளிச்சத்தில் பெரும்பகுதி சிவப்பு. அது போய் விழுவது கால்வாசிப் புள்ளிகளில். குழாயடியில் நாலு குடம் வைத்து ஒரே குடத்தில் தண்ணீர் விட்ட மாதிரி, அந்த ஒன்று நிரம்பி வழிகிறது; மற்ற மூன்றும் ஏறக்குறையக் காலி. கேமராவோ நாலையும் சேர்த்துச் சராசரி பார்த்து, "பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வரட்டும்" என்கிறது. சாதாரண ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 0 முதல் 255 வரை 256 படிகள். இதழின் மேடும் பள்ளமும் நரம்பும் எல்லாம் 255-இல் போய் முட்டிக்கொண்டு நின்றால் எல்லாம் ஒரே சிவப்பு. தக்காளி!

வழிந்த தண்ணீரை எந்த ஆப்பாலும் திரும்ப அள்ள முடியாது. எனவே மருந்து க்ளிக் செய்வதற்கு முன்னால்தான். திரையில் பூவின் மேல் ஒரு தட்டு. பக்கத்தில் ஒரு குட்டிச் சூரியன் எட்டிப் பார்க்கும். அதைக் கீழே இழுங்கள். படம் இருட்டாகிறதே என்று பயப்படவேண்டாம். இருட்டில் ஒளிந்திருப்பதை எடிட்டில் வெளியே கொண்டுவரலாம், வெளிறிப்போனதைக் கொண்டுவர முடியாது. சென்சார் அளந்ததை அப்படியே சேமிக்கும் ரா என்ற வசதி போனில் இருந்தால் இன்னும் யோகம். 12 பிட் ராவில் 4,096 படிகள், 14 பிட் என்றால் 16,384! ஒன்றுமே இல்லையென்றால் ஒரு குடையை விரித்துப் பூவுக்கு நிழல் கொடுங்கள். நான் பார்த்தவரை சிவப்புப் பூவுக்குக் குடையைப் போல உதவிய கருவி வேறில்லை.

சரி, மல்லிகை? அங்கே கதை தலைகீழ்! உலகத்தின் சராசரி நிறம் நடுத்தரச் சாம்பல், அதாவது விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் என்பது கேமராவின் பழைய நம்பிக்கை. சட்டம் நிறைய மல்லிகையைக் காட்டினால் "ஐயோ, இவ்வளவு வெளிச்சமா" என்று தானாகவே குறைத்துவிடும். விளைவு, நாலு நாள் கட்டிய வேட்டி நிறத்தில் மல்லிகை. இங்கே குட்டிச் சூரியனை மேலே தள்ளவேண்டும். நிழலில் எடுத்தால் இன்னொரு வேடிக்கை. நிழலுக்கு வெளிச்சம் தருவது சூரியன் அல்ல, நீல வானம். அதனால் பூ சொட்டுநீலம் கூடிப்போன சட்டைபோல வந்து நிற்கும். எடிட்டில் ஒயிட் பேலன்ஸ் என்றிருக்கும் கோட்டை மஞ்சள் பக்கம் ஒரு விரற்கடை நகர்த்தினால் மல்லிகை மறுபடி மல்லிகை ஆகிவிடும்.

"எடிட் பண்ணினா அது போட்டோவே இல்லை" என்று சொல்பவர்களிடம் நான் கேட்க நினைப்பது இதைத்தான். வெள்ளையைச் சாம்பலாக்கியது யார்? சிவப்பை மெழுகியது யார்? முதல் பொய் கேமராவுடையது. எடிட் என்பது பாதி நேரம் அந்தப் பொய்யைத் திருத்தும் வேலை. (மீதிப் பாதி நேரம் என்ன என்பதற்குப் பின்னால் வருகிறேன். அது கொஞ்சம் விவகாரமானது.)

ஒரு காலத்தில் கேமராவுக்குச் சிவப்பு கண்ணுக்கே தெரியாது, தெரியுமா? தொடக்ககாலக் கறுப்புவெள்ளைத் தகடுகள் நீலத்தை மட்டும் நன்றாக உணரும். சிவப்பு ரோஜா கரிக்கட்டையாக விழும்! 1873-இல் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், தகட்டில் சாயம் கலந்தால் மற்ற நிறங்களையும் உணரவைக்கலாம் என்று கண்டுபிடித்தார். முழு வண்ணம் கடைக்கு வந்தது 1907-இல். சினிமாவுக்குப் பேர்போன லூமியர் சகோதரர்களின் ஆட்டோக்ரோம். அதன் மூலப்பொருள் என்ன தெரியுமா? உருளைக்கிழங்கு! கிழங்கு மாவின் நுண்ணிய மணிகளை ஆரஞ்சு, பச்சை, ஊதா மூன்று சாயத்தில் தோய்த்துக் கலந்து கண்ணாடியில் பரப்பினார்கள். அந்த மணிகள்தான் அன்றைய கலர்க் கண்ணாடி. நல்ல வெயிலிலும் ஒரு படத்துக்குச் சில விநாடிகள் பிடிக்கும் என்பதால், ஓடியாடாத தோட்டமும் ஜாடிப் பூவும் அந்தத் தகடுகளுக்கு வெகு இஷ்டம்.

அதற்கும் வெகுகாலம் முன்பே, கேமராவே இல்லாமல் செடிகளைப் படம் பிடித்தவர் அன்னா அட்கின்ஸ் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர். ரசாயனம் பூசிய தாளில் கடற்பாசியை வைத்து வெயில் காட்டி, தண்ணீரில் அலசினால் நீலத்தின் நடுவே வெள்ளை உருவம். 1843-இல் அவர் வெளியிடத் தொடங்கியதுதான் புகைப்படங்கள் கொண்ட உலகின் முதல் புத்தகம் என்கிறார்கள். பின்னாளில் பெரணிகளையும் பூச்செடிகளையும் அதே நீலத்தில் பதித்தார். பிற்காலத்தில் கட்டட வரைபடங்களை நகலெடுத்த ப்ளூபிரின்ட்டும் இதே வித்தைதான்!

எடுக்கும் கோணத்துக்கு வருவோம். போனில் கட்டம் போட்டுக் காட்டுகிறதே, ஒன்பது அறைகள்? அந்த மூன்றிலொரு பங்கு விதியைப் பெயரிட்டு எழுதியவர் ஜான் தாமஸ் ஸ்மித். ஆண்டு 1797. இன்றைக்கும் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமராப் படத்துக்கு முப்பது வருஷம் முன்னால்! அவர் பேசியது ஓவியத்தில் வரும் நிலக்காட்சியைப் பற்றி. பூவை நடுவில் நட்டுவைக்காமல் ஓரக்கோட்டில் நிறுத்தி, அது பார்க்கும் திசையில் இடம் விடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் சூரியகாந்திக்கு இந்த விதியைச் சொல்லாதீர்கள். அதன் நடுவட்டத்தில் விதைகள் சுழல் சுழலாக, ஒரு பக்கம் 34, மறுபக்கம் 55 என்று பெரும்பாலும் ஃபிபனாச்சி எண்களில் ஓடும். அப்பேர்ப்பட்ட கோலத்தை ஓரமாக ஒதுக்கினால் பாவம். நட்டநடுவில், சட்டம் நிறைய வைத்து அடியுங்கள்.

செங்காந்தளை எடுத்திருக்கிறீர்களா? தமிழ்நாட்டின் மாநிலப் பூ, ஈழத்தில் கார்த்திகைப்பூ, மூலனூர்ப் பக்கம் விதைக்காகப் பயிரிடுபவர்களுக்குக் கண்வலிக்கிழங்கு. நின்ற வாக்கில் மேலிருந்து எடுத்தவர்கள் அத்தனை பேருக்கும் கிடைத்திருப்பது ஒரு குழப்பம்தான், எனக்கும் அதேதான். ஏன் தெரியுமா? அந்தப் பூ தலைகீழாகத் தொங்குகிறது! காம்பு கீழே வளைய, ஆறு இதழ்களும் பின்னோக்கி மடங்கி மேலே எழுந்து தீக்கொழுந்தாக நிற்கின்றன. ஆறு மகரந்தத் தாள்களும் கீழே குடைக்கம்பிபோல விரிந்திருக்கும். சூல்தண்டு மட்டும் யாரோ ஒடித்துவிட்ட மாதிரி வெடுக்கென்று பக்கவாட்டில் திரும்பியிருக்கும். மேலிருந்து பார்த்தால் இதழ் நுனி ஆறைத் தவிர ஒன்றும் தெரியாது. முட்டி போட்டு, பூவின் இடுப்புக்கு நேராகக் கேமராவைக் கொண்டுவந்தால்தான் தீ தீயாகத் தெரியும். (தொட்டுப் பார்த்தால் கையைக் கழுவிவிடுங்கள். கிழங்கிலிருந்து விதைவரை அத்தனையும் நஞ்சு.)

இன்னொரு ரகசியம்! இந்தப் பூ நாளுக்கு நாள் நிறம் மாறும். பச்சை கலந்த மஞ்சளில் விரிந்து, ஆரஞ்சாகி, கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் நேற்றுப் பூத்ததும் நாலு நாள் முன்பு பூத்ததும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒற்றைப் பூவை விட்டு ரெண்டு மூன்றைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தால் ஒரே படத்தில் ஒரு வாரம் அடங்கிவிடும். எனக்குக் கிடைத்த அந்த அருமையான காட்சிக்குப் பின்னால் யார் வீட்டு நீலப் பிளாஸ்டிக் குடமோ இருந்தது, அது தனிக்கதை. எடிட்டில் அழித்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். ஃபோட்டோஷாப்பில் 2002-இலேயே ஹீலிங் பிரஷ் வந்துவிட்டது, 2010-இல் அழித்த இடத்தைத் தானே நிரப்பும் வித்தையும் வந்துவிட்டது, எல்லாம் சரி. ஆனால் இதழின் நெளிவு நெளிவான ஓரத்துக்குப் பின்னால் இருக்கும் குடத்தை அழிப்பது ஒரு மணி நேர வேலை. வேலியருகே ஓரடி இடது பக்கம் நகர்ந்திருந்தால் ஒரு விநாடி.

வெட்டுவதற்குத் தயங்கவே வேண்டாம். 12 மெகாபிக்சல் படத்தில் அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி வெட்டி எறிந்தாலும் மிச்சம் 3 மெகாபிக்சல். ஆல்பத்தில் வைக்கும் நாலுக்கு ஆறு அங்குலப் பிரின்ட்டுக்கு 2.2 போதும்! வெட்டுவதன் விலை என்ன தெரியுமா? ஜார்ஜியா ஓ'கீஃப் என்ற அமெரிக்க ஓவியர் 1932-இல் ஒரே ஒரு வெள்ளைப் பூவை நாலடி உயரத் துணியில் சட்டம் முட்ட வரைந்தார். தொட்டி இல்லை, தோட்டம் இல்லை, பூ மட்டும். 2014-இல் அது ஏலத்தில் போன விலை 4 கோடியே 44 லட்சம் டாலர். பெண் ஓவியர் ஒருவரின் படைப்புக்கு அதுவரை ஏலத்தில் யாரும் தராத தொகை! அந்தப் பூ வேறொன்றுமில்லை, நம் குப்பைமேட்டு ஊமத்தையின் ஒன்றுவிட்ட அக்காள். ஓ'கீஃபின் கணவர் ஸ்டீக்லிட்ஸ் பெயர்பெற்ற புகைப்படக்காரர். கேமரா வெட்டிக் காட்டும் விதத்தை அந்த அம்மாள் நன்றாகக் கவனித்திருக்கவேண்டும் என்பது என் ஊகம்.

கிட்டப் போகப்போக ஃபோகஸ் என்ன பாடு படுத்தும் தெரியுமா? பெரிய கேமராவில் மேக்ரோ லென்ஸ் மாட்டி, பூவை அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழவைத்தால், லென்ஸின் துளை எஃப் 8-இல் இருக்கும்போது தெளிவாக விழும் ஆழம் சுமார் ஒரு மில்லிமீட்டர்! செம்பருத்தியின் நடுத்தண்டு அங்குலக்கணக்கில் நீட்டிக்கொண்டிருக்கிறது. சூல்முடிக்கு ஃபோகஸ் வைத்தால் இதழ் போச்சு, இதழுக்கு வைத்தால் முடி போச்சு. அதனால்தான் சிலர் துளித்துளியாக ஃபோகஸை நகர்த்தி இருபது முப்பது படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை மட்டும் பொறுக்கி ஒன்றாக அடுக்குகிறார்கள். போனில் சென்சார் சின்னது, அதனால் இந்தத் தொல்லை குறைவு. அதற்குப் பதிலாகப் போர்ட்ரெய்ட் மோட் என்றொரு தொல்லை. எது பூ, எது பின்னணி என்று கணிப்பில் தீர்மானித்துப் பின்னால் இருப்பதை மங்கலாக்கும். மெல்லிய மகரந்தத் தாள்களையும் சேர்த்து விழுங்கிவிடும்.

பூவின் மேல் முத்துமுத்தாகப் பனித்துளி நிற்கும் படங்களைப் பார்த்து ஏங்கியிருக்கிறீர்களா? அவற்றில் பல, தண்ணீரில் கிளிசரின் கலந்து தெளித்தவை! சீக்கிரம் காயாது, உருண்டையாகவும் நிற்கும். அந்தத் துளிக்குள் உற்றுப் பாருங்கள். பின்னால் இருக்கும் பூ தலைகீழாகத் தெரியும். ஒவ்வொரு துளியும் ஒரு லென்ஸ்.

வேதியியலாளர் ஷெவ்ரோலைப் பற்றிச் சொல்லாமல் எடிட்டுக்குள் நுழையக்கூடாது. பாரிஸின் கோப்லான் நெசவாலையில் சாயப்பட்டறைக்குத் தலைவர். கறுப்பு நூல் சரியான கறுப்பாக இல்லை என்று புகார் வருகிறது. சாயத்தைச் சோதித்தால் அதில் குறையில்லை. பக்கத்தில் நெய்த நிறம்தான் கறுப்பை மங்கடிக்கிறது! 1839-இல் இதைப் பெரிய புத்தகமாகவே போட்டார். எந்த நிறமும் தனியாக இல்லை, பக்கத்து நிறம்தான் அதைத் தூக்கும், அல்லது கெடுக்கும். 102 வயதுவரை இருந்தவர். அவருடைய நூறாவது பிறந்தநாள் ஆண்டில் புகைப்படக்காரர் நாதாரும் அவர் மகனுமாகப் பேட்டி கண்டு வரிசையாக எடுத்த படங்கள்தான் உலகின் முதல் புகைப்படப் பேட்டி என்பது உபரித் தகவல்.

இதை எடிட்டில் எப்படிப் பயன்படுத்துவது? பூ எடுப்பாக இல்லையென்றால் எல்லோரும் முதலில் சாச்சுரேஷனைப் பிடித்து ஏற்றுகிறார்கள். ஏற்றினால் மறுபடி தக்காளி! பூவைத் தொடாதீர்கள். லைட்ரூம் மாதிரியான ஆப்களில் நிறங்களைத் தனித்தனியே திருத்தும் இடம் இருக்கும். அங்கே பச்சையை மட்டும் எடுத்து அதன் அடர்த்தியைக் குறைத்து, கொஞ்சம் இருட்டாக்குங்கள். இலைகள் ஓரடி பின்னால் போகும், பூ தானாக முன்னால் வரும். விரலே படாத சிவப்பு, இன்னும் சிவப்பாகத் தெரியும். அப்புறம் கண்ணை இழுக்கும் ஓரத்து வெளிச்சங்களை அடக்கி, பூவின் நடுவை மட்டும் லேசாகத் தூக்குங்கள். இதுவும் புது வித்தை இல்லை. படம் அச்சிடும் இருட்டறையில் கம்பியில் ஒட்டிய அட்டை வட்டத்தால் ஒளியை மறைத்து ஓர் இடத்தை வெளுக்கவைப்பார்கள். கையைக் குவித்து ஒளியை விட்டு ஓர் இடத்தைக் கறுக்கவைப்பார்கள். ஃபோட்டோஷாப்பில் அந்த ரெண்டு கருவிக்கும் இருக்கும் படங்கள் அதே கம்பி வட்டமும் அதே குவித்த கையும்தான்! புகைப்படக்காரர் ஆன்ஸல் ஆடம்ஸ் 1941-இல் எடுத்த நிலா உதயப் படத்தை வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப அச்சிட்டார். ஆண்டுகள் போகப்போக அவருடைய அச்சில் வானம் கறுத்துக்கொண்டே போனது.

கூர்மையாக்கும் கருவிக்கு 'அன்ஷார்ப் மாஸ்க்' என்று ஏன் எதிர்மறைப் பெயர், தெரியுமா? ஃபிலிம் காலத்தில் மூலப் படத்தின் மங்கலான நகல் ஒன்றைச் செய்து, இரண்டையும் ஒட்டிவைத்து அச்சிடுவார்கள். பொதுவாக இருப்பதை மங்கல் விழுங்கிக்கொள்ள, ஓரங்கள் மட்டும் பளிச்சென்று எழும். மங்கலைக் கொண்டே கூர்மை! இதழுக்குக் கொஞ்சம் போதும். கூட்டினால் பூ பிளாஸ்டிக் மாலைக்குப் போய்விடும்.

விவகாரமான பாதிக்கு வருகிறேன் என்றேனே. ஜப்பானின் சன்டோரி கம்பெனி 1990-இல் நீல ரோஜா ஆராய்ச்சியைத் தொடங்கியது. பான்ஸிப் பூவின் மரபணுவை ரோஜாவுக்குள் வைத்து, 2004-இல் வெற்றி என்று அறிவித்து, 2009-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இத்தனைக்குப் பிறகும் அது இளம் ஊதாதான்! எடிட்டில் ஒரு கோட்டை நகர்த்தினால் அரை விநாடியில் மயில்கழுத்து நீலம். அந்த அரை விநாடிப் படத்தைப் போட்டு நீல ரோஜா விதை, வானவில் ரோஜா விதை என்று ஆன்லைனில் விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கி முளைக்கப்போட்டுக் களை பறித்தவர்களில் நானும் ஒருவன். அன்றிலிருந்து ஒரே ஒரு விரதம்: வெளிச்சத்தைத் திருத்துவேன், இடத்தை வெட்டுவேன், பூவின் நிறத்தை மட்டும் மாற்றமாட்டேன்.

ஆனால் பூவின் நிறம் என்பது எது? தேனீக்குச் சிவப்பு தெரியாது. நமக்குத் தெரியாத புறஊதா அதற்குத் தெரியும். நமக்கு முழு மஞ்சளாகத் தெரியும் சூரியகாந்தி இதழ்களைப் புறஊதாவில் படம் எடுத்தால் நடுவே இருண்ட வளையம், குறிபார்க்கும் பலகை மாதிரி! பூ யாருக்காக அலங்கரித்துக்கொண்டதோ அவர்கள் பார்க்கும் பூவை நாம் ஒரு நாளும் பார்த்ததில்லை. இந்த யோசனை வந்த ராத்திரி எனக்குக் கொஞ்ச நேரம் தூக்கம் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் அதே தொட்டி, புதுச் செம்பருத்தி. இடது கையில் குடை. முட்டி போட்டேன், குட்டிச் சூரியனை இறக்கினேன், பின்னால் தண்ணீர் டாங்க் தெரியாமல் ஓரடி நகர்ந்தேன். எடிட்டில் மேல்பக்கம் வெட்டி, பச்சையை அடக்கி, ஓரத்தில் இருந்த ஒரு பழுத்த இலையைத் துடைத்தேன். நரம்பு நரம்பாக இதழ், பொடிப்பொடியாக மகரந்தம். குரூப்பில் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

பத்து நிமிஷம் கழித்துச் சித்தி எழுதினாள்: "பூ நல்லாத்தான் இருக்கு. கீழ மொட்டுக்காம்புல வெள்ளையா என்னடா, மாவுப்பூச்சியா? வேப்பெண்ணெய் அடி."

ஓடிப்போய்ப் பார்த்தேன். மாவுப்பூச்சிதான்.